சடையாண்டிக்குள்ளே ஆள் இல்லை

சும்மாட்டுப்பட்டிக்கு வழி கேட்டால் அந்த ஊர்க்காரர்களே ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டுவார்கள். பொய் சொல்கிற பழக்கமெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் கேட்டவர் என்றைக்காவது வந்து சேரத்தானே போகிறார் என்கிற நல்ல எண்ணம்தான். தங்கமான மனுசர்கள். ஒருத்தர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், அதைச் சிந்தாமல் சிதறாமல் சொன்னபடியே செய்து முடித்துவிடுவார்கள். அந்த ஊருக்கு இருந்த ஒரே கஷ்டம் அதுதான்.

அந்த ஊரில் சடையாண்டி என்று ஒருவன் இருந்தான். பங்குனி மாசம் பொன்னழகி அம்மன் தேர் ஓடும்போது சக்கரத்துக்குக் கட்டை போடுகிற வேலை அவனுக்கு. நாற்பத்திரண்டு பேர் முன்னால் வடம் பிடித்து இழுப்பார்கள். இவன் சக்கரத்தோடு சக்கரமாகக் குனிந்து நடந்துகொண்டே, ஆப்பு மாதிரி செதுக்கிய ஒரு மரக்கட்டையைச் சரியான நேரத்தில் சக்கரத்துக்கு அடியில் தள்ளுவான். இடது பக்கம் திரும்ப வேண்டுமா, இடது சக்கரத்துக்கு ஒரு கட்டை. பள்ளத்தில் வேகம் எடுக்கிறதா, இரண்டு பக்கமும் கட்டை. அச்சு முனகுகிற சத்தத்தை வைத்தே தேர் அடுத்து எங்கே போகப் பார்க்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

"அது எப்படிய்யா தெரியுது?" என்று கேட்டால் சடையாண்டிக்கு வெட்கம் வந்துவிடும்.

"நான் என்னத்தைங்க செய்றேன்? தேரு அதுபாட்டுக்குப் போகுது. அதுக்கு எங்க தலை சாய்க்கணும்னு தோணுதோ, அங்க ஒரு தலகாணி வைக்கிறேன். அவ்வளவுதான்."

ஊரும் அப்படித்தான் நினைத்தது. வருசத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் சடையாண்டியை யாரும் கண்டுகொள்வதில்லை. அந்த ஒரு நாள் மட்டும் பூசாரி சங்கிலி தேருக்கு மேலே இருந்து, "கட்டைக்காரா!" என்று கூப்பிடுவார். அந்த ஒரு கூப்பாட்டைக் கேட்கத்தான் அவன் மீதி நாளெல்லாம் உயிரோடு இருந்தான் என்றால் மிகையில்லை.

அப்படி இருக்கையில், தேருக்கு எட்டு நாள் இருக்கும்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா வந்தது. பட்டணத்திலிருந்து ஒரு பேச்சாளரைக் கூப்பிட்டிருந்தார்கள். காலை பத்து மணிக்கு என்று சொன்னவர் பகல் மூன்று மணிக்கு வந்தார். அதுவரைக்கும் ஊரே கொட்டகையை விட்டு அசையாமல் பட்டினியாக உட்கார்ந்திருந்தது. "எல்லாரும் உட்காருங்கள்" என்று ஹெட்மாஸ்டர் மைக்கில் சொல்லியிருந்தார். எழுந்திருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சடையாண்டிக்கு மட்டும் அவன் பெண்சாதி இருளாயி ஒரு தூக்குவாளி நிறையக் கேப்பைக்கூழ் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அடி வரைக்கும் வழித்துக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

பேச்சாளர் காரை அணைக்காமல் ஓடவிட்டுவிட்டே மேடையேறினார்.

"உங்க ஒவ்வொருத்தருக்குள்ளயும் ஒரு மேதை தூங்கிக்கிட்டு இருக்கான்! அவனைத் தட்டி எழுப்புங்க! அவனுக்குத் தினமும் தீனி போடுங்க! அவன் குரலைக் காது கொடுத்துக் கேளுங்க! கூட்டத்தோட கூட்டமாப் போகாதீங்க, உங்களுக்குன்னு ஒரு பாதை போடுங்க! தடையா எது கிடந்தாலும் தூக்கி எறியுங்க!"

சொல்லிவிட்டு, மாலையை வாங்கிக்கொண்டு, காரில் ஏறிப் போய்விட்டார். ஒருத்தரும் கை தட்டவில்லை. எல்லாரும் குனிந்து அவரவர் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இத்தனை வருசமா உள்ள ஒரு ஆளை வச்சுக்கிட்டு ஒரு வாய்த் தண்ணி கூடக் கொடுக்காம இருந்திருக்கோமேய்யா," என்று நாட்டாமை பொம்மையா தலையில் கை வைத்தார். "எவ்வளவு பெரிய பாவம்!"

"அவன் எப்ப உள்ள போனான்?" என்று ஒருத்தர் கேட்டார்.

"அது இருக்கட்டும். முதல்ல எழுப்பணும்," என்றான் ராக்கப்பன். இவன் இருளாயியின் கூடப்பிறந்த தம்பி. எட்டாம் வகுப்பு வரை போய், அந்த எட்டாம் வகுப்பிலேயே மூன்று வருசம் தங்கிப் படித்தவன். அதனால் படிப்பு சம்பந்தமான விசயத்தில் அவன் சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது. "தட்டி எழுப்பச் சொல்லியிருக்காரு. தட்டுங்க."

எல்லாரும் தட்டினார்கள். அவரவர் வயிற்றை அவரவர் தட்டினால் எழுந்திருப்பவன் கோபித்துக்கொள்வானோ என்று பயந்து, ஆளுக்கு ஆள் மாற்றித் தட்டினார்கள். பிறகு ராக்கப்பன் வரிசையாக ஒவ்வொருவர் வயிற்றிலும் காதை வைத்துக் கேட்டான். காலையிலிருந்து பட்டினி கிடந்த வயிறுகள். 'கடமுட கடமுட' என்றன.

"இருக்கான்! பேசுறான்!"

"என்ன சொல்றான்?" என்றார் நாட்டாமை ஆவலாக.

"பெரிய படிப்புப் பேச்சு பெரியய்யா. நமக்கு விளங்காது."

நாற்பத்திரண்டு பேருக்கும் ஆள் இருந்தது. கடைசியாகச் சடையாண்டி சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றான். ராக்கப்பன் காதை வைத்தான். இந்தக் காதை எடுத்து அந்தக் காதை வைத்தான். கூழ் குடித்த வயிறு குளிர்ந்துபோய் நிம்மதியாகக் கிடந்தது.

"மச்சான்," என்றான் ராக்கப்பன் மெதுவாக. இழவு சொல்கிற குரல். "உங்களுக்குள்ள யாரும் இல்லை."

"நல்லாப் பாரு மாப்ள. ஓரமா எங்கயாச்சும் ஒதுங்கியிருப்பான்."

"ஓரமெல்லாம் பார்த்துட்டேன் மச்சான்."

சடையாண்டி சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். பின்னாலேயே இருளாயியும் வந்தாள்.

"போகட்டும் விடுங்க," என்றாள். "எனக்குக்கூடத்தான் கேட்டுப் பார்க்கிறேன்னு வந்தான் அந்தப் பய. போடா தம்பின்னுட்டேன். இருபது வருசமா எனக்குள்ள ஒருத்தன் இருந்து, ஒரு நாளாச்சும் ஒரு குடம் தண்ணி தூக்கிக் கொடுத்திருக்கானா? அப்படிப்பட்டவனுக்கு நான் எதுக்குச் சோறு போடணும்?"

"உனக்கு இருந்து நீ வேண்டாங்கிறே. எனக்கு இல்லவே இல்லையே இருளாயி."

அவள் இன்னும் இரண்டு அகப்பைக் கூழ் ஊற்றினாள்.

மறுநாளிலிருந்து ஊரில் எல்லா வீட்டிலும் ஒரு ஆளுக்கு இரண்டு இலை போட்டார்கள். ஒன்று ஆளுக்கு, ஒன்று உள்ளே இருப்பவனுக்கு. உள்ளே இருப்பவன் வெளியே வந்து சாப்பிட முடியாது என்பதால் அந்த இலையையும் ஆளே சாப்பிட வேண்டியிருந்தது. எந்தக் கவளம் யாருக்குப் போகிறது என்று தெரியாமல் போய்விடக் கூடாதே என்று, வலது கையால் தான் சாப்பிட்டு, இடது கையால் மேதைக்கு ஊட்டினார்கள். நாட்டாமைக்கு இதில் ஒரு சந்தேகம்.

"ஏப்பா ராக்கா, இவ்வளவு சோறும் உள்ள போனா, அவனுக்கு உட்கார இடம் இருக்குமா?"

"அவன் சோத்து மேலேயே உட்கார்ந்துக்கிடுவான் பெரியய்யா."

"சோத்து மேல உட்காரலாமா? அன்னலட்சுமி ஆச்சே!"

இதைப் பற்றி இரண்டு நாள் பேசினார்கள். கடைசியில், உள்ளே இருப்பவனுக்குத் தனியாக ஒரு மணைப்பலகை விழுங்குவது நடக்காத காரியம் என்று முடிவாகி, சின்னதாக ஒரு வெற்றிலையை மடித்து முழுங்கினார்கள். அதன்மேல் உட்காரட்டும் என்று.

அடுத்து பாதை. கூட்டத்தோடு போகக் கூடாது, தனக்கென்று ஒரு பாதை போட வேண்டும் என்று சொல்லியிருந்தாரே. கிணற்றுக்குப் போகிற ரோட்டில் ஊரே நடக்கிறது என்பதால் ஒருத்தரும் அதில் கால் வைக்கவில்லை. ஒருவர் வேலியைப் பிரித்துக்கொண்டு போனார். இன்னொருவர் மாட்டுத் தொழுவத்துக்குள் புகுந்து போனார். எட்டுப் பேர் நாட்டாமையின் கடலைக்காட்டில் எட்டுப் பாதை போட்டார்கள். நாட்டாமைக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்பட்டுக் கத்துவது ஊரில் எல்லாரும் செய்கிற வேலை என்று நினைத்துப் பார்த்து, சிரித்துவிட்டுப் போனார்.

ராக்கப்பன் கொஞ்சம் தாமதமாக எழுந்தான். அவன் வெளியே வந்து பார்த்தபோது பூமியில் எல்லாப் பக்கமும் யாரோ ஒருவர் நடந்திருந்தார். மிச்சம் இருந்தது மேலே மட்டும்தான். தென்னைமரத்தில் ஏறினான். உச்சிக்குப் போன பிறகு, ஏறின வழியிலேயே இறங்கினால் அது ஏற்கெனவே ஒருத்தன் போன பாதை ஆயிற்றே என்று அவனுக்குப் பட்டது. அங்கேயே இருந்துவிட்டான்.

கீழே ஊர் கூடியது. கயிறு என்றார் ஒருவர். மரத்தை வெட்டிவிடலாம் என்றார் இன்னொருவர். அந்தப் பக்கமாக வந்த சடையாண்டி அண்ணாந்து பார்த்தான்.

"மாப்ள! உன் வீட்டுல ரெண்டு இலை போட்டாச்சு. நீ இல்லாம உன் மேதை எப்படிச் சாப்பிடுவான்? பாவம், அவன் பட்டினி."

ராக்கப்பன் சரசரவென்று இறங்கிவிட்டான்.

"பார்த்தீங்களா," என்றார் நாட்டாமை எல்லாரையும் பார்த்து. "எப்ப ஏறணும், எப்ப இறங்கணும்னு ராக்கப்பனோட மேதைக்கு என்ன கச்சிதமாத் தெரியுது!"

சடையாண்டியும் ஆமாம் என்று தலையை ஆட்டினான். உள்ளே ஒருத்தன் இருந்தால் எவ்வளவு வசதி என்று நினைக்க நினைக்க அவனுக்குக் கண் கலங்கியது.

தேருக்கு ஒரு நாள் இருக்கும்போது ஊர்க்கூட்டம் போட்டார்கள்.

"விசயம் என்னன்னா," என்று நாட்டாமை தொண்டையைச் செருமினார். "அம்மன் தேரு. எவ்வளவு பெரிய காரியம். அதுக்கு உள்ள ஆளே இல்லாத ஒருத்தன் கட்டை போடலாமா? சடையாண்டி, நீ நல்லவன். ஆனா வெறும் வீடு."

"முப்பது வருசமாப் போட்டிருக்கேனுங்களே."

"அப்ப எங்களுக்குத் தெரியாதேப்பா."

"அப்ப யாரு போடுவாங்க கட்டை?"

ராக்கப்பன் எழுந்தான். "கட்டையே வேண்டாம் பெரியய்யா. தடையா எது கிடந்தாலும் தூக்கி எறியுங்கன்னு அவர் சொன்னாரா இல்லையா? நம்ம தேரு வருசா வருசம் ஏன் நின்னு நின்னு போகுது? யோசிங்க. ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் சக்கரத்துக்கு அடியில என்ன கிடக்கு?"

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு யோசித்தது.

"கட்டை!" என்றது ஊர்.

"இத்தனை வருசம் இது நமக்குத் தோணலை பாரு," என்றார் நாட்டாமை.

உடனே கட்டைகளை எடுத்துக்கொண்டு போய் ஊருணியில் எறிந்தார்கள். மரக்கட்டையாயிற்றே, மிதந்து கரைக்கு வந்தது. மறுபடி எறிந்தார்கள். மறுபடி வந்தது. "போக மாட்டேங்குதே, பிடிவாதமான தடையா இருக்கே" என்று சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒரு பாறாங்கல்லைக் கட்டி முக்கினார்கள். கரையில் நின்ற சடையாண்டி ஒவ்வொன்றும் முங்கும்போது ஒரு முழுக்குப் போடுகிறவன் மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் கோயிலுக்குப் போய் அம்மன் முன்னால் நின்றான். கேட்கிறதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

"ஆத்தா, உனக்குத் தெரியாதது இல்ல. பெரிசா வேணாம். சின்னதா, கைக்கு அடக்கமா, ஒரே ஒண்ணு கொடுத்தாப் போதும். ரொம்பப் படிச்சவனா இருக்கணும்னு இல்ல. கட்டை போடத் தெரிஞ்சவனா இருந்தாச் சரி. நாளைக்கு நீ கொடுக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்."

அம்மன் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

மறுநாள் காலையில் தேர் அலங்காரமாகி நின்றது. பூசாரி சங்கிலி மேலே ஏறி உட்கார்ந்தார். இரண்டு வடத்தையும் நாற்பத்திரண்டு பேர் பிடித்தார்கள். சடையாண்டியைப் பெண்கள் வரிசையில், இருளாயிக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். அவன் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விட்டால் அவை சக்கரத்துக்குப் போய்விடும்.

"இழுங்கப்பா!" என்றார் நாட்டாமை.

கூட்டத்தோடு போகக் கூடாது என்பது எல்லாருக்கும் நன்றாக நினைவிருந்தது. பத்துப் பேர் கிழக்கே இழுத்தார்கள். பத்துப் பேர் மேற்கே இழுத்தார்கள். சிலர் வடத்தைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் இழுத்தார்கள். ஒருவர் உட்கார்ந்து இழுத்தார். நாட்டாமை மட்டும் வானத்தைப் பார்த்து மேலே இழுத்தார். தேர் ஒரு நூல்கூட நகரவில்லை. அச்சு மட்டும் லேசாக முனகியது. அந்த முனகலைக் கேட்டுச் சடையாண்டி உட்கார்ந்த இடத்திலேயே முன்னால் சாய்ந்தான்.

"ஏங்க, என்ன?" என்றாள் இருளாயி.

"பள்ளத்துக்கு ஓடப் பார்க்குது இருளாயி. சத்தம் கேட்கலையா?"

"சும்மா நிக்கிற தேருங்க அது."

அந்த நேரம் பார்த்து ராக்கப்பனுக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். அப்படியானால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதுதானே இப்போது கூட்டத்தோடு போவது? யாரும் செய்யாதது, நேராக முன்னால் இழுப்பது. அவன் யாரிடமும் சொல்லாமல் மெதுவாக முன்னால் வந்து நின்றான். வந்து பார்த்தால், நாற்பத்திரண்டு பேருக்கும் அதே யோசனை அதே நேரத்தில் வந்திருந்தது. ஒருவருக்கும் மற்றவரைக் கவனிக்க நேரமில்லை. ஒரே மூச்சில், ஒரே பக்கமாக, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்கள்.

இரண்டு இலைச் சோறு தின்ற பலம். தேர் புறப்பட்டது.

புறப்பட்டது என்றால் சாதாரணமாக அல்ல. கிழக்கு வீதி சரிவில் அது தானாக ஓட ஆரம்பித்தது. அடியில் கட்டை கிடையாது. தேர் தங்களைத் துரத்துவதைப் பார்த்ததும் நாற்பத்திரண்டு பேரும் வடத்தைக் கீழே போட்டுவிட்டு, ஆளுக்கொரு பாதையில் ஓடினார்கள். அன்றைக்குத்தான் அந்தப் பாதைகளால் ஒரு பிரயோசனம்.

மேலே பூசாரி மணியை ஆட்டிக்கொண்டு, "ஆத்தா! மெதுவா ஆத்தா! ஊருணி வருது ஆத்தா!" என்று கூவினார். வீதி முடிகிற முக்கில் தேர் மேற்கே திரும்ப வேண்டும். திரும்பாமல் நேரே போனால் ஊருணிதான்.

சடையாண்டி எப்போது எழுந்தான், எப்போது ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. தேருக்கு இரண்டு பக்கமும் வடங்கள் பாம்பு மாதிரி தரையில் இழுபட்டு வந்தன. ஒரு வடத்தின் நுனியைப் பிடித்தான். சாவடிக்கு முன்னால் ஆனை கட்டுகிற மாதிரி ஒரு கல்தூண் நிற்கும். அதில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, நுனியை மடித்து உள்ளே கொடுத்து, காலை ஊன்றி உட்கார்ந்துவிட்டான். வடம் விறைத்தது. அச்சு பெரிசாக ஒரு மூச்சு விட்டது. முக்கில், ஊருணிக்குப் பத்தடி முன்னால், தேர் கொஞ்சம் மேற்கே முகத்தைத் திருப்பி, வழி கேட்கிறவள் மாதிரி நின்றது.

பூசாரி கண்ணைத் திறந்து பார்த்தார். "ஊருணியில இருக்கேனா, தேர்ல இருக்கேனா?"

"தேர்லதான் சாமி!" என்றான் சடையாண்டி.

பயம் போனதும் ஊருக்குப் பசி வந்தது. முதலில் சாப்பிடுவோம், பிறகு யோசிப்போம் என்று பொங்கலை இறக்கி வைத்து, இரண்டிரண்டு இலையாக எல்லாரும் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள். சடையாண்டி மட்டும் விரதம் என்று சொல்லிவிட்டான். ஆத்தா இன்னும் எதுவும் கொடுக்கவில்லையே.

சாப்பிட்டு ஏப்பம் விட்டுவிட்டு நாட்டாமை கேட்டார்: "இப்பச் சொல்லுங்க. தேரை நிறுத்தினது யாரோட மேதை?"

"என்னோடது," என்றார் ஒருவர்.

"உன்னோடது வேலிக்குள்ள விழுந்து கிடந்துச்சு. நான் பார்த்தேன். என்னோடதுதான்."

"சண்டை போடாதீங்கய்யா," என்றார் நாட்டாமை. "வடத்தைக் கட்டினது சடையாண்டி. அவனையே கேட்போம். ஏப்பா, எப்படி இந்த யோசனை வந்துச்சு?"

"யோசனையெல்லாம் இல்லீங்க. கை அதுபாட்டுக்குப் போயிருச்சு."

"கேட்டீங்களா!" ராக்கப்பன் துள்ளினான். "கை தானாப் போகுமா? உள்ள இருந்து எவனோ நீட்டியிருக்கான்! மச்சான், சட்டையைத் தூக்குங்க!"

நேற்றுச் சாயங்காலத்திலிருந்து பச்சைத் தண்ணி படாத வயிறு. ராக்கப்பன் காதை வைத்த வேகத்தில் பின்னால் சாய்ந்துவிட்டான்.

"ஒருத்தன் இல்லை பெரியய்யா! உள்ள ஒரு சந்தையே நடக்குது!"

நாட்டாமைக்கு முகம் மாறியது. ஏதோ தோன்றியவராகத் தன் சட்டையைத் தூக்கினார். "எனக்குக் கேளு."

பொங்கல் நிறைந்த வயிறு. ராக்கப்பன் கேட்டான். உதட்டைப் பிதுக்கினான். அடுத்தவருக்குக் கேட்டான். அதற்கடுத்தவருக்கும் கேட்டான். நாற்பத்திரண்டு வயிற்றிலும் பேச்சுமூச்சு இல்லை.

"எல்லாரும் கிளம்பிப் போயிட்டாங்க," என்றான். "தேரு ஓடுறதைப் பார்த்ததும் நாம இந்தப் பக்கம் ஓடினோம். அவங்க அந்தப் பக்கம் ஓடி மச்சானுக்குள்ள ஏறிட்டாங்க. நாற்பத்திரண்டு பேரும் அங்கதான் இருக்காங்க."

எட்டு நாள் இடது கையால் ஊட்டி வளர்த்தது. பிரிவு என்றால் பிரிவுதானே. ஒருவர் சடையாண்டியின் வயிற்றுக்குப் பக்கத்தில் போய், "நல்லாயிருப்பா" என்று சொல்லிவிட்டு வந்தார். நாட்டாமை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சடையாண்டிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அம்மன் இருக்கிற பக்கம் திரும்பிக் கும்பிட்டான். ஒன்று கேட்டதற்கு நாற்பத்திரண்டு! பெருந்தன்மைக்கு ஒரு அளவில்லையா ஆத்தா!

"அப்ப பெரியய்யா," என்றான். "எனக்குள்ள ஆள் இருக்குன்னு ஆயிருச்சு. இனி நான் கட்டை போடலாமுங்களா?"

நாட்டாமை ராக்கப்பனைப் பார்த்தார். ராக்கப்பன் நாட்டாமையைப் பார்த்தான்.

"அது முடியாதே சடையாண்டி," என்றார் நாட்டாமை வருத்தமாக. "கட்டை போடுறது சின்ன வேலை. முப்பது வருசமா உள்ள ஆள் இல்லாத ஒருத்தன் போட்டுத்தான் தேரு ஒழுங்கா ஓடியிருக்கு. நேத்து நாங்க உன்னை விலக்கினது தப்புதான், ஒத்துக்கிறேன். ஆள் இல்லாதவனுக்குத்தான் அந்த வேலை. ஆனா இன்னைக்கு நீ ஆள் உள்ளவனாப் போயிட்டியே!"

"அப்ப யாருங்க போடுவாங்க?"

"இப்ப உள்ள ஆள் இல்லாதவங்க யாரு? நாங்கதானே. நாங்க நாற்பத்திரண்டு பேரும் கட்டை போடுறோம்."

"வடம்?"

"உனக்குள்ளதான் நாற்பத்திரண்டு பேர் இருக்காங்களே. நீ ஒருத்தன் இழுத்தா அவங்க எல்லாரும் இழுத்த மாதிரி. கணக்கு சரியா இருக்கு பாரு."

கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பழைய கட்டைகள் ஊருணிக்குள் இருந்தன. அதனால் நாற்பத்திரண்டு பேரும் வீட்டுக்கு ஓடி, கையில் கிடைத்ததைக் கொண்டுவந்தார்கள். அம்மி வந்தது, உரல் வந்தது, டிரங்குப் பெட்டி வந்தது. சடையாண்டி எப்போதும் தலகாணி என்றுதானே சொல்வான் என்று நான்கு பேர் தலகாணியே கொண்டுவந்தார்கள். எல்லாவற்றையும் நாலு சக்கரத்துக்கும் முன்னாலும் பின்னாலும் அடைத்துவிட்டு, ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு குந்தினார்கள். கல்தூணில் கட்டின வடத்தை அவிழ்க்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. கட்டியது மேதைகள், அவிழ்க்க நமக்கு என்ன தகுதி? மற்ற வடத்தைச் சடையாண்டி தோளில் போட்டுக்கொண்டு, மேற்கே பார்த்து இழுத்தான்.

"நகருதா?" என்று கேட்டார் பூசாரி மேலிருந்து.

"ஒரு நூல்கூட நகரலை சாமி!" என்றார்கள் நாற்பத்திரண்டு பேரும் பெருமையாக.

"பலே! இந்த மாதிரிக் கட்டை இந்த ஊர்ல யாரும் போட்டதில்ல!"

ஒரு மணி நேரம் ஆயிற்று. பெண்களுக்குப் பொறுமை போய்விட்டது. வாசல் தெளித்துக் கோலம் போட்டுத் தேங்காய்த் தட்டோடு காத்திருப்பவர்கள் அவர்கள்தானே.

"ஆத்தா எப்ப எங்க வாசலுக்கு வருவா?" என்று வந்து கேட்டார்கள்.

உரலைப் பிடித்துக்கொண்டிருந்த ராக்கப்பன் தலையைத் தூக்கினான். அவனுக்குள் இப்போது மேதை இல்லாவிட்டாலும் பழைய பழக்கம் விடவில்லை.

"ஆத்தாவும் வாசலும் ஒரே இடத்துல இருக்கணும், அவ்வளவுதானே அக்கா? ஆத்தா நகர முடியலை. வாசல் சும்மாதானே இருக்கு?"

ஆண்கள் கட்டையை விட்டு எழ முடியாது. பெண்களே கடப்பாரையை எடுத்தார்கள். கதவை மட்டும் கொண்டுவந்தால் திறக்க முடியாதே என்று நிலையோடு பெயர்த்து, நாலு பேராகச் சுமந்து வந்து, தேருக்கு முன்னால் தெரு வரிசைப்படி சாய்த்து நிறுத்தினார்கள். மேலத்தெருக் கதவு ஒன்று இடையில் நுழையப் பார்த்தது. "கீழத்தெரு முடியட்டும், நீங்க எப்பவும் சாயங்காலம்தானே" என்று சத்தம் போட்டுப் பின்னால் அனுப்பினார்கள். பூசாரி ஏணி வைத்து இறங்கி, தீபத்தட்டோடு கதவு கதவாகப் போனார்.

கடைசிக் கதவு சடையாண்டி வீட்டுக் கதவு. கல்தூணில் சாய்த்து வைத்திருந்தது. சாத்தியிருந்ததால் பூசாரி தட்டினார்.

"யாரு?" என்றாள் இருளாயி கதவுக்குப் பின்னாலிருந்து.

"நான்தாம்மா, பூசாரி. ஆத்தா வந்திருக்கா. வீட்டுல சடையாண்டி இருக்கானா?"

இருளாயி கதவை ஒரு சாண் திறந்து எட்டிப் பார்த்தாள். பத்தடி தள்ளி, வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, வேர்த்து வழிய, அவள் புருசன் முன்னால் சாய்ந்து நின்றான்.

"அவரு இல்லீங்க சாமி. தேர் இழுக்கப் போயிருக்காரு. வர நேரமாகும்போல."

அது சடையாண்டி காதில் விழுந்தது. வடத்தை விடாமலே திரும்பிப் பார்த்துச் சத்தம் கொடுத்தான்.

"ஏ இருளாயி! வந்தவரை வெயில்ல நிக்க வைக்காதே! உள்ள கூப்பிட்டு உட்காரச் சொல்லு!"

"அதுவும் சரிதான்," என்று பூசாரி, நிலையில் தலை இடித்துவிடாமல் குனிந்து, உள்ளே போனார்.